மெய்நிகர் உலகில் ஆங்கில வகுப்பு: இடம் எது, பாடம் எது?

ஃபேஸ்புக் நிறுவனம் 2021 அக்டோபரில் தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்ட நாளிலிருந்து, பலர் ஒன்றாக நடமாடும் கணினி உலகைக் குறிக்கும் 'மெட்டாவெர்ஸ்' என்ற சொல் கல்வி விளம்பரங்களிலும் புகுந்துவிட்டது. கண்களை மூடும் திரையுள்ள ஒரு ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டால் லண்டன் தெருவில் நடந்தபடியே ஆங்கிலம் பேசப் பழகிவிடலாம் என்கிறார்கள் சிலர். இன்ஸ்டாகிராமில் நாளுக்கு ஒரு சொல் பார்த்தாலே போதும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டையும் 'ஆன்லைன் ஆங்கிலம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால், பிள்ளைக்கு எதற்குப் பணம் கட்டுவது என்று பெற்றோரும், வகுப்பில் எதைக் கையாள்வது என்று ஆசிரியர்களும் குழம்புகிறார்கள்.

மெய்நிகர் உலகமும் சமூக ஊடகமும் வெவ்வேறு கருவிகள். இவற்றின் பயனும் வேறு, இடரும் வேறு. மெய்நிகர் உலகத்தில் ஆங்கிலம் கற்பிப்பது புதிய முயற்சியும் அன்று. அதற்கு முப்பது ஆண்டு வரலாறு உண்டு. அந்த அனுபவத்தைப் பார்த்தால் எதற்குச் செலவிடலாம், எதைத் தவிர்க்கலாம் என்பது ஓரளவு தெளிவாகும்.

எது மெய்நிகர் உலகம்?

ஒன்றை மெய்நிகர் உலகம் என்று சொல்ல மூன்று இயல்புகள் வேண்டும்.

1. பலர் ஒரே நேரத்தில் அதனுள் இருக்க வேண்டும். ஒருவர் செய்வதை மற்றவர் அப்போதே காண வேண்டும்.
2. நாம் வெளியேறிய பின்பும் அந்த உலகம் அங்கேயே இருக்க வேண்டும். நேற்று மேசைமேல் வைத்த புத்தகம் இன்றும் அங்கேயே கிடக்க வேண்டும்.
3. அதனுள் நாம் ஓர் உருவமாக நடமாட வேண்டும். இந்த உருவத்துக்கு 'அவதார்' என்று பெயர். நம் 'அவதாரம்' என்ற சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய்க் கணினி வழியாக நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது.

இந்த வரையறையில் ஹெட்செட் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாதாரணக் கணினித் திரையிலேயே மெய்நிகர் உலகத்துக்குள் போகலாம். மாறாக, ஹெட்செட் அணிந்து ஒருவர் தனியாகப் பார்க்கும் 360 பாகை காணொளி, எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும், மெய்நிகர் உலகம் ஆகாது; பேசுவதற்கு அங்கே ஆள் இல்லை. ஜூம் வகுப்பில் ஆள் உண்டு, ஆனால் இடம் இல்லை. எழுந்து போய் ஒரு கதவைத் திறக்க முடியாது.

சமூக ஊடகத்தை இடம் என்பதைவிட ஓட்டம் என்பதே பொருந்தும். ஒருவர் இடும் பதிவை மற்றவர் ஐந்து நிமிடம் கழித்தும் படிக்கலாம், ஐந்து நாள் கழித்தும் படிக்கலாம். பதில் சொல்ல யோசிப்பதற்கு நேரம் உண்டு. மொழி கற்பவருக்கு இந்த நேர இடைவெளி மிகப் பெரிய வேறுபாடு.

எழுத்தாலான வளாகம்

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-இல் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய 'மட்' என்ற கணினி விளையாட்டில் படமே கிடையாது. அறை, கதவு, காடு, புதையல் எல்லாமே சொற்களால் ஆனவை. அதன் வழியில் வந்த 'மூ' வகை உலகங்களில் ஒன்றை ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே 1994-இல் நியூயார்க்கில் உருவாக்கினார்கள். அதற்கு 'ஷ்மூஸ் பல்கலைக்கழகம்' என்று பெயர். 'வடக்கே போ' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால், அடுத்த அறையின் வருணனை திரையில் வரும். அந்த அறையில் வேறொரு நாட்டு மாணவர் இருந்தால் அவரோடு எழுத்திலேயே உரையாடலாம். படிக்காமலும் எழுதாமலும் ஓர் அடிகூட நகர முடியாது. மொழிப்பாடம் என்ற வகையில் இது மிகக் கடுமையான, மிக நேர்மையான ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூனில் 'செகண்ட் லைஃப்' உலகத்தைத் திறந்தது. இதில் முப்பரிமாணக் காட்சி வந்தது. 2007-இல் குரலும் வந்தது. 256 மீட்டருக்கு 256 மீட்டர் அளவுள்ள ஒரு நிலப்பகுதியை வாடகைக்கு எடுத்து, அதில் என்ன வேண்டுமானாலும் கட்டலாம். பிரிட்டிஷ் கவுன்சில் பதின்பருவத்தினருக்கென இப்படி ஒரு நிலப்பகுதியை, அதாவது ஒரு 'தீவை', அமைத்தது. லாங்குவேஜ்லேப் என்ற நிறுவனம் ஆங்கிலம் பேசிப் பழகுவதற்காகவே ஒரு நகரத்தை எழுப்பியது. செகண்ட் லைஃபில் மொழி கற்பிப்போர் கூடும் எஸ்லாங்குவேஜஸ் மாநாடும் 2007-இல் தொடங்கியது.

அப்போது நடந்த பெரிய தவறும் இங்கேதான். பல நிறுவனங்கள் தங்கள் தீவில் முதலில் கட்டியது ஒரு வகுப்பறை: வரிசையாக நாற்காலிகள், எதிரே வெண்திரை, அதில் ஸ்லைடுகள். பறக்கவும் கடலடியில் நடக்கவும் முடிந்த ஓர் உலகத்தில், மாணவரின் அவதார் ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து விரிவுரை கேட்டது. ஸ்கைப்பில் அப்போது செய்ய முடிந்த அதே வேலைக்கு வாடகையும் வேகமான கணினியும் கூடுதலாகத் தேவைப்பட்டன. கற்றலில் எதுவும் கூடவில்லை.

பேச்சு எப்படி மொழியாகிறது?

ஏன் கூடவில்லை என்பதற்கு, இரண்டாம் மொழி எப்படி வருகிறது என்ற அடிப்படைக்குப் போக வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் வாதம் இப்படி வளர்ந்தது:

1. மொழியியலாளர் ஸ்டீபன் க்ராஷன் 1980-களின் தொடக்கத்தில் முன்வைத்த கருத்து: புரியும்படியான மொழியை நிறையக் கேட்டும் படித்தும் வந்தால் மொழி தானே படியும். அச்சம், கூச்சம், பதற்றம் ஆகியவை ஒரு வடிகட்டிபோல் நின்று, காதில் விழுவதை உள்ளே போகவிடாமல் தடுக்கும்.

2. கனடாவில் பிரெஞ்சு வழியிலேயே பல ஆண்டுகள் படித்த, வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தைகளைக் கவனித்த மொழி ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன், 1985-இல் இதற்கு ஒரு திருத்தம் சொன்னார். அந்தக் குழந்தைகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்; ஆனால் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் தடுமாறியது. கேட்பது போதாது, தானே சொல்லிப் பார்க்க வேண்டும். சொல்லத் தெரியாமல் நிற்கும்போதுதான் எது தெரியவில்லை என்பது தெரியவரும் என்றார்.

3. மைக்கேல் லாங் என்ற இன்னொரு மொழி ஆய்வாளர் மேலும் ஒரு படி போனார். இருவர் பேசும்போது புரியாமல் போகும் இடம்தான் கற்றலின் இடம் என்பது அவர் வாதம். 'என்ன சொன்னீர்கள்?' என்று ஒருவர் கேட்க, மற்றவர் வேறு சொற்களில் திரும்பச் சொல்ல, அந்த இழுபறியில் மொழி கூர்மை அடைகிறது.

4. அந்த இழுபறி நேர ஒரு காரணம் வேண்டும். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும்; இதைத் 'தகவல் இடைவெளி' என்பார்கள். அதை அறிய வேண்டிய தேவையும் இருக்க வேண்டும்.

நான்காவது கருத்துக்கு நம் ஊரோடு நேரடித் தொடர்பு உண்டு. ஆங்கிலக் கற்பித்தல் வல்லுநர் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட இடங்களின் பள்ளிகளில் நடத்திய திட்டம், இலக்கணப் பாடத்தை ஒதுக்கிவைத்து, ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை மாணவர் கையில் கொடுத்து, ஒரு கணக்கைத் தீர்க்கச் சொன்னது. எந்த ரயிலில் ஏறினால் கூட்டத்துக்கு நேரத்தில் போய்ச் சேரலாம் என்பதைக் கண்டுபிடிக்கும் முயற்சியில் ஆங்கிலம் தானே புழங்கும் என்பது அவர் எண்ணம். இன்று உலகெங்கும் 'செயல்வழி மொழிக் கற்பித்தல்' என்று பேசப்படும் முறைக்கு இது ஒரு முன்னோடி. தகவல் இடைவெளியைவிட, யோசித்துத் தீர்க்க வேண்டிய இடைவெளியே மேலானது என்று பிரபு கருதினார் என்பதையும், மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பேசவிடுவதில் அவருக்கு ஈடுபாடு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒருவர் பிழையை மற்றவர் பழகிக்கொள்வார்கள் என்ற கவலை அவருக்கு இருந்தது.

இப்போது நாற்காலி வரிசைக்குத் திரும்பிப் பார்த்தால் குறை விளங்கும். அங்கே எந்த இடைவெளியும் இல்லை. ஆசிரியருக்கு விடை தெரியும். மாணவர் பேச வேண்டிய தேவை இல்லை.

ஒரு ரயில் நிலையம்

அதே உலகத்தில் ஒரு ரயில் நிலையத்தைக் கட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று மாணவர்கள். ஒருவர் டிக்கெட் கவுன்ட்டரில் நிற்கிறார்; கட்டண அட்டவணை அவர் திரையில் மட்டும் தெரியும். இன்னொருவர் பயணி, மாலை ஆறு மணிக்குள் ஒரு கடலோர ஊருக்குப் போய், மறுநாள் காலை திரும்ப வேண்டும். மூன்றாமவர் நடைமேடை ஊழியர். எந்த ரயில் தாமதம் என்பது அவருக்கு மட்டும் தெரியும். பயணி மதுரைக்காரர், கவுன்ட்டரில் இருப்பவர் பிரேசில் நாட்டுக்காரர் என்று கொள்வோம்.

பயணி கேட்கிறார்: "ஐ வான்ட் அப் அண்ட் டவுன் டிக்கெட்."

"ஸாரி? அப்... வேர்?"

"கோயிங், அண்ட் டுமாரோ கமிங் பேக்."

"ஆ, எ ரிட்டர்ன் டிக்கெட்?"

"யெஸ். எ ரிட்டர்ன் டிக்கெட், ப்ளீஸ்."

ஐந்தே வரிகள். ஆனால் லாங் சொன்ன எல்லாமே இதில் நடந்துவிட்டன. நம் ஊரில் யாரிடம் சொன்னாலும் புரியும் 'அப் அண்ட் டவுன்', வெளியூர்க் காதுக்கு எட்டவில்லை. கவுன்ட்டர்க்காரர் விளக்கம் கேட்டார். பயணி வேறு சொற்களைத் தேடி எடுத்தார். எதிராளி சரியான தொடரை எடுத்துக் கொடுத்தார். பயணி அதை உடனே தன் வாயால் சொல்லிப் பார்த்தார். 'ரிட்டர்ன் டிக்கெட்' என்பதைப் பட்டியலில் மனப்பாடம் செய்திருந்தால் மறந்திருக்கலாம். இப்படிச் சிக்கித் தெளிந்த சொல் எளிதில் மறக்காது.

இதில் மெய்நிகர் உலகத்தின் பங்கு என்ன? மதுரையையும் பிரேசிலையும் ஒரே நடைமேடையில் நிறுத்தியது முதல் பங்கு. மதுரை வகுப்பறையில் இதே நாடகத்தை நடத்தினால் 'அப் அண்ட் டவுன்' எல்லோருக்கும் புரிந்துவிடும், இழுபறியே நேராது. சிக்கினால் தமிழுக்குத் தாவவும் வழி இருக்கும். இரண்டாவது பங்கு, முகத்தை மறைத்தது. தவறாகப் பேசியது தான் அல்ல, தன் அவதார்தான் என்ற எண்ணம் கூச்சக்காரருக்கு ஒரு திரைபோல் உதவுகிறது. வகுப்பில் வாய் திறக்காத மாணவர் இங்கே பேசுவதாக ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சிறிய வசதிகளும் உண்டு. செகண்ட் லைஃபில் ஒருவர் தட்டச்சு செய்யத் தொடங்கினால் அவருடைய அவதாரின் விரல்கள் காற்றில் விசைப்பலகையைத் தட்டும். பேசினால் தலைக்கு மேல் பச்சை அலைகள் எழும். யார் பேசுகிறார், யார் பதிலுக்குச் சொல் தேடுகிறார் என்று பார்த்தே காத்திருக்கலாம். எழுத்து உரையாடல் பதிவாகவும் கிடைக்கிறது. பாடம் முடிந்ததும் அதை எடுத்து, எந்த வரியில் பேச்சு சிக்கியது என்று மாணவரோடு சேர்ந்து பார்க்கலாம். என் கணிப்பில் பாடத்தின் பாதிப் பயன் இந்தப் பின்பார்வையில்தான் இருக்கிறது. அவசரத்தில் பெரும்பாலும் விடுபட்டுப் போவதும் இதுவேதான்.

இடர்கள் மூன்று:

1. அவதாரின் வாயசைவு ஒலியோடு பொருந்துவதில்லை. 'வி', 'டபிள்யூ' ஒலிகளுக்கு இடையில் உதடு எப்படி மாறுகிறது என்று காட்ட வேண்டிய உச்சரிப்புப் பாடத்துக்கு இது உதவாது. அதற்குச் சாதாரணக் காணொளி அழைப்பே மேல்.
2. நடக்க, உட்கார, மைக்கை இயக்கக் கற்பதற்கே முதல் ஒன்றிரண்டு வகுப்புகள் போய்விடும். அதைத் திட்டத்தில் சேர்க்காத ஆசிரியர் இரண்டாம் வாரமே கைவிடுவார்.
3. புதுமையின் ஈர்ப்பை முன்னேற்றம் என்று தவறாக எண்ணிவிடலாம். இத்துறை ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறு குழுக்களைச் சில வாரங்கள் மட்டுமே கவனித்தவை. பேச முன்வரும் துணிவு கூடுவதற்கு அவற்றில் சான்று உண்டு. இலக்கணத் துல்லியம் கூடுவதற்குச் சான்று அந்த அளவுக்கு வலுவாக இல்லை.

ஹெட்செட்டைப் பற்றி ஒரு சொல். 2020-இல் வந்த குவெஸ்ட் 2 கருவியின் எடை ஏறத்தாழ அரைக் கிலோ. கண் நகர்வைக் காண, உட்காது அசைவை உணராததால் பலருக்குத் தலைசுற்றல் வரும். குறிப்பெடுக்க முடியாது, அகராதி பார்க்க முடியாது. மேடைப் பேச்சு, நேர்காணல் போன்ற குறும்பயிற்சிகளுக்கு நன்று. அன்றாட வகுப்புக்கு அன்று.

சமூக ஊடகம் தருவது வேறு

மெய்நிகர் உலகம் பேசக் காரணம் தருகிறது என்றால், சமூக ஊடகம் எழுதுவதற்கு ஒரு வாசகரைத் தருகிறது. வகுப்பில் மாணவர் எழுதும் கட்டுரையை ஆசிரியர் மட்டுமே படிக்கிறார், அதுவும் பிழை தேடி. தெருமுனைக் கடையின் கண்ணாடி ஜாடிகளைப் படம் எடுத்து, மூன்று வரி ஆங்கிலத்தில் எழுதி, வேறு நாட்டு மாணவர் உள்ள குழுவில் இட்டால் நிலைமை மாறும். 'இரண்டாவது ஜாடியில் இருப்பது என்ன?' என்று யாரோ கேட்பார். கடலை மிட்டாயை ஆங்கிலத்தில் விளக்க வேண்டிய கட்டாயம் அப்போது வருகிறது. பதில் சொல்ல அவசரம் இல்லை. அகராதி பார்க்கலாம், எழுதி அழிக்கலாம், திருத்தலாம்.

வாட்ஸ்அப் குரல் பதிவு இவ்வகையில் பலரும் கவனிக்காத நல்ல கருவி. மாணவர் ஒரு முறை பேசுவார், கேட்டுப் பார்ப்பார், பிடிக்காமல் அழிப்பார், மீண்டும் பேசுவார். ஆசிரியரிடம் வந்து சேரும் நாற்பது விநாடிப் பதிவுக்குப் பின்னால் ஐந்து ஒத்திகைகள் இருக்கலாம். எந்த ஆசிரியரும் வகுப்பில் ஒருவரை ஐந்து முறை ஒரே பேச்சைப் பேசவைக்க முடியாது.

'யூ' என்பதை ஒற்றை எழுத்தாகவும், 'கிரேட்' என்பதை எண்ணைக் கலந்தும் எழுதிப் பழகினால் மொழி கெட்டுவிடாதா என்ற கேள்வி எழும். தமிழ் பேசுவோருக்கு இதில் ஓர் அனுகூலம் இருக்கிறது. நண்பருக்கு 'வந்துட்டேன்' என்றும் விடைத்தாளில் 'வந்துவிட்டேன்' என்றும் எழுதுவது நமக்கு இயல்பு; யாரிடம் எந்த நடை என்ற உணர்வோடுதான் வளர்கிறோம். ஆங்கிலத்திலும் அது அப்படியே என்று எடுத்துச் சொல்லி, ஒரே செய்தியை நண்பருக்கு, ஆசிரியருக்கு, வங்கி மேலாளருக்கு என்று மூன்று விதமாக எழுதவைத்தால், அந்தக் கவலையே பாடமாகிவிடும்.

ட்விட்டர் 2017 நவம்பர் வரை பெரும்பாலான மொழிகளில் 140 எழுத்துகளுக்கு மேல் இடம் தரவில்லை. பிறகு 280 ஆக்கியது. அந்தக் கட்டுப்பாட்டையே பயிற்சியாக்கி, ஒரு செய்தியை 140 எழுத்துக்குள் சுருக்கவைத்த ஆசிரியர்கள் உண்டு. கரும்பலகையிலும் செய்யக்கூடிய நல்ல பயிற்சி அது.

திருத்துவதில்தான் கவனம் மிகவும் வேண்டும். எல்லோரும் பார்க்கும் பதிவின் கீழே 'இது பிழை' என்று ஆசிரியர் எழுதினால், அந்த மாணவர் அத்தோடு எழுதுவதை நிறுத்திவிடக்கூடும். பிழையான தொடரைச் சரியான வடிவில் தன் பதிலுக்குள் வைத்துச் சொல்வது ஒரு வழி. பத்துப் பேரின் பிழைகளைப் பெயரின்றித் தொகுத்து வகுப்பில் பேசுவது இன்னொரு வழி. விருப்பக்குறிகளின் எண்ணிக்கையை மதிப்பெண்ணாகக் கொள்வது கூடவே கூடாது. பிழை மலிந்த வேடிக்கையான பதிவுக்கு நூறு விருப்பங்கள் விழலாம்.

குடியிருப்பது வாடகை வீடு

இரண்டு கருவிகளுக்கும் பொதுவான பலவீனம், அவை நம்முடையவை அல்ல என்பது. லிண்டன் லேப், கல்வி நிறுவனங்களுக்குப் பாதி விலையில் நிலம் தந்துவந்தது. 2010 அக்டோபரில், மறு ஜனவரி முதல் அந்தச் சலுகை இல்லை என்று அறிவித்தது. பதின்பருவத்தினருக்கென இருந்த தனி உலகமும் அதே காலகட்டத்தில் மூடப்பட்டது. 2013-இல் சலுகை திரும்பியது. அதற்குள் பலர் வெளியேறிவிட்டார்கள். மொழி கற்போரின் சமூக வலைத்தளமாக 2007-இல் தொடங்கிய லைவ்மோக்கா 2016-இல் மூடப்பட்டது. மெய்நிகர் உலகங்களான ஆல்ட்ஸ்பேஸ் வி.ஆர். 2023 மார்ச்சிலும், மொஸில்லா ஹப்ஸ் 2024 மே மாதத்திலும் நின்றுபோயின. கட்டிய வகுப்பறையும் சேர்ந்திருந்த மாணவர் குழுவும் ஒரே அறிவிப்பில் போய்விடுகின்றன.

இதற்கு ஓரளவு மாற்று உண்டு. 2007-இல் தொடங்கிய ஓப்பன்சிமுலேட்டர், மெய்நிகர் உலகம் அமைக்க யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருள். பள்ளியின் சொந்தக் கணினியிலேயே ஓடும். கட்டிய நிலப்பகுதி முழுவதையும் ஒரே கோப்பாகச் சேமித்து வேறிடத்தில் விரிக்கலாம். ஆனால் அதை நிறுவிப் பராமரிக்கத் தெரிந்தவர் ஒருவர் பள்ளியில் இருக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு 2016-இல் வந்த மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டின் கல்விப் பதிப்பு எளிது. வகுப்புக்குள் மட்டும் திறக்கும் உலகமாக வைத்துக்கொள்ளலாம்.

வயது இன்னொரு தடை. குழந்தைகளின் இணையத் தனியுரிமை பற்றிய அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிப் பெரும்பாலான சமூக ஊடகங்கள் 13 வயதை எல்லையாகக் கொண்டன. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் அதை 16 ஆக்கிவிட்டது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தைகளாகவே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆகவே, 'எல்லோரும் ஒரு இன்ஸ்டாகிராம் கணக்குத் தொடங்கி வாருங்கள்' என்று எட்டாம் வகுப்பில் சொல்வது, ஆசிரியரின் ஆர்வம் எவ்வளவு தூயதாக இருந்தாலும், பொறுப்பற்ற செயல். வகுப்புக்கென ஒரு மூடிய குழு, உண்மைப் பெயருக்குப் பதில் புனைபெயர், முகம் தெரியாத படங்கள், பெற்றோருக்கு முன்கூட்டியே எழுத்தில் தகவல் ஆகிய நான்கும் இல்லாமல் தொடங்கக் கூடாது.

தீவு இல்லாத பள்ளிக்கு

வேகமான கணினியும் வேகமான இணைய இணைப்பும் இல்லாத பள்ளி இதை எல்லாம் வாசித்து மலைக்கத் தேவையில்லை. ரயில் நிலையப் பாடத்தில் வேலை செய்தது நிலையத்தின் சுவர்கள் அல்ல; மூன்று பேரிடம் பிரிந்து கிடந்த தகவல். அதைச் சாதாரண ஸ்மார்ட்போனிலும் அமைக்கலாம்:

1. கட்டண அட்டவணை, ரயில் நேரம், தாமதப் பட்டியல் மூன்றையும் தனித்தனிப் படங்களாக மூன்று மாணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். ஒருவர் படத்தை மற்றவருக்கு அனுப்பக் கூடாது என்பது ஒரே விதி.
2. மூவரும் குரல் பதிவால் மட்டும் பேசி, ஆறு மணிக்குள் சேரும் ரயிலையும் கட்டணத்தையும் கண்டுபிடிக்க வேண்டும்.
3. மூவரும் ஒரே ஊராக இல்லாமல், முடிந்தால் வேறு மாநிலத்துப் பள்ளியிலிருந்து ஒருவரைச் சேர்க்க வேண்டும். தமிழ் தெரியாத ஒருவர் குழுவில் இருந்தாலே தமிழுக்குத் தாவும் வழி அடைபட்டுவிடும்.
4. முடிந்த பிறகு ஆசிரியர் பதிவுகளை வரிசையாகக் கேட்டு, பேச்சு சிக்கிய இரண்டு மூன்று இடங்களை மட்டும் எடுத்து வகுப்பில் ஒலிக்கவிட வேண்டும், பேசியவரின் அனுமதியோடு.
5. முதல் வாரப் பதிவையும் எட்டாம் வாரப் பதிவையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்க வேண்டும். எத்தனை சொல் தெரியும் என்று எண்ணுவதைவிட, புரியாதபோது மாணவர் என்ன செய்கிறார் என்று கவனிப்பது மேல்: பேசாமல் இருந்துவிடுகிறாரா, தமிழுக்குத் திரும்புகிறாரா, 'ஸாரி, கேன் யூ சே தட் அகெய்ன்?' என்று கேட்கிறாரா.